கோபத்தை விடச் சொன்னார்கள்

பேருந்துப் பணிமனையில் இருக்கை தைக்கும் பிரிவில் அவளுக்குக் கடுகு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆள் குள்ளம், சூடு பட்டால் வெடிப்பாள், வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கிழிந்த ரெக்ஸினை உரித்து, நைந்துபோன ஸ்பாஞ்சைப் பிய்த்தெடுத்து, புதியதை வைத்து, உறை தைத்து, இழுத்து மாட்டி ஆணி அடிப்பது அவள் வேலை. யாரோ பொழுது போகாமல் பிளேடால் கீறிய இருக்கை வந்துவிட்டால் போதும், அந்தக் கைக்கு என்னென்ன ஆகவேண்டும் என்று விவரமாகச் சொல்லிக்கொண்டே தைப்பாள். பக்கத்து மெஷின் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பார்கள்.

அவள் கோபம் வெறும் வாயோடு நிற்கிற கோபம் இல்லை. பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று பல மாதங்கள் சொல்லிப் பார்த்தார்கள். மேனேஜர் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்றார். ஒரு நாள் அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கடுகு திருப்புளியோடு போய், அவர் அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வந்து கழிப்பறைக் கதவில் மாட்டிவிட்டாள். “ஐயாவுக்கு அவசரம் இல்ல, பார்த்துக்கலாம்” என்றாள். அன்று மாலையே புதுத் தாழ்ப்பாள் வந்தது.

ஆனால் ஒரே ஒரு கோபத்தை அவளால் எதுவும் செய்ய முடியவில்லை. அவளுடைய அம்மா இறந்தபோது அண்ணன் அவளுக்குச் சொல்லவில்லை. கல்லறையில் போட்ட பூக்கள் வாடிய பிறகு, அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி போனில் துக்கம் விசாரித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அண்ணன் சொன்ன பதில்: “நீ வந்தா சத்தம் போடுவ. சாவு வீட்டுல எதுக்குன்னுதான்.” அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை.

இதையெல்லாம் அவள் கொட்டித் தீர்த்த இடம் பெரியக்காவின் பேக்கரி. பெரியக்கா அவள் போகிற சபையையே சேர்ந்தவள். கணவன் போன பிறகு தனியாளாக அடுப்பைக் கட்டி ஆள்கிறவள். புதன்கிழமை மதியம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும், பின்னறையில் மாவு மூட்டைகளின் மேல் மூன்று பெண்கள் உட்கார்ந்து ஜெபிப்பார்கள். பெரியக்கா, கடுகு, அப்புறம் டீச்சர். டீச்சர் மூவரிலும் இளையவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவள். அடுப்புச் சூட்டில் மூவருக்கும் வியர்த்து வழியும். பெரியக்கா பாட்டாக ஜெபிப்பாள். டீச்சர் முணுமுணுப்பாள். கடுகு சண்டை போடுவாள். “ஆண்டவரே, பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீர்? அந்தப் புதுப் பொண்ணுக்கு ஃபோர்மேன் ஓட்டை மெஷினைக் குடுத்திருக்கான். விரல்ல ஊசி ஏறினா யாரு கேக்குறது? நீர் கேக்குறீரா, நான் கேக்கவா?” பெரியக்கா கண்ணை மூடியபடியே சிரித்துவிடுவாள். மாவு மூட்டையும் சேர்ந்து குலுங்கும்.

குளிக்கும்போது மார்பில் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றி அவள் முதலில் சொன்னது புருஷனிடம் இல்லை, இவர்களிடம்தான். டீச்சர் மறுநாளே லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். சோதனை முடிவு வந்தது. புற்றுநோய். டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் பேசினார். “கட்டி சின்னதுதான்மா. இப்ப எடுத்துட்டா நல்லது. தள்ளிப் போடாதீங்க.” அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.

அன்று இரவு சாப்பிடும்போது புருஷனிடம் சொன்னாள். அவர் ஒரு கிடங்கில் காவல்காரர். கரப்பான்பூச்சியைக் கூட அடிக்காமல் வெளியே விரட்டுகிறவர். தட்டில் கையை வைத்தபடி அழுதார். அழுது முடித்ததும், சின்ன வயதிலிருந்து எந்தக் கஷ்டம் வந்தாலும் செய்வதைத்தான் செய்தார். தன் அக்காவுக்குப் போன் போட்டார்.

அந்த நாத்தனார் வேறொரு ஜெபவீட்டுக்குப் போகிறவள். மறுநாளே அங்கிருந்து ஒரு பிரசங்கியாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். பக்கத்தில் குழந்தை தூங்கினால்கூட எழாத அளவுக்கு மெதுவாகப் பேசினார். கடுகின் தலைமேல் கை வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார்.

“சகோதரி, உங்களுக்குள்ள ஒரு கசப்பு இருக்கு. கூடப் பொறந்த ஒருத்தரை நீங்க மன்னிக்கல. சரிதானா?”

கடுகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். ஆண்டவரே இவருக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறார் என்று நினைத்தாள். வரும் வழியில் நாத்தனார் வாய் ஓயாமல் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்திருப்பாள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

“அந்தக் கசப்புதான் கட்டியா நிக்குது” என்றார் அவர். “நீங்க கோபக்காரி. கோபத்தை விடுங்க, கட்டி கரையும். கத்தி வேண்டாம். கத்தியை நம்பினா ஆண்டவரை நம்பலைன்னுதானே அர்த்தம்?”

அந்த வீட்டில் யாராவது ஒருவர் அன்றே அந்த மனிதரின் சட்டைக் காலரைப் பிடித்து வாசலில் விட்டிருக்க வேண்டும். யாரும் விடவில்லை. புருஷன் கைகூப்பி நின்றார். நாத்தனார் ஸ்தோத்திரம் சொன்னாள். மேனேஜரின் தாழ்ப்பாளைக் கழற்றியவளோ தலையைக் குனிந்துகொண்டு “சரிங்க ஐயா” என்றாள். பயம் அவளுக்குப் பழக்கமில்லாத பண்டம். அது வந்தபோது எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை எடுத்துப் போகிறேன் என்று சொன்ன முதல் ஆளிடம் கொடுத்துவிட்டாள்.

முதல் வேலையாக அண்ணன் வீட்டுக்குப் போனாள். இத்தனை வருஷம் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். அவன் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பெரிய மனது பண்ணுகிறவன் மாதிரி, “சரி விடு, போனது போகட்டும். இனிமேலாவது பொறுமையா இரு” என்றான். அவள் அதற்கும் தலையாட்டினாள். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அவனுக்குச் சொல்லவேண்டிய பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதையும் கசப்பு என்று நினைத்து விழுங்கினாள்.

பணிமனையில் அவள் மெஷின் அமைதியாகிவிட்டது. பிளேடால் கீறிய இருக்கைகளை வாயே திறக்காமல் தைத்தாள். ஃபோர்மேன் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்தபோது, எல்லாப் பெண்களும் அவளைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவள் “சரிங்க” என்று சொல்லிவிட்டு நூல் கோத்தாள். ஃபோர்மேனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. புதன்கிழமைகளில் வேலை அதிகம் என்று சொல்லிப் பேக்கரிக்கும் போகவில்லை.

அறுவை சிகிச்சைக்குக் குறித்த நாளன்று டீச்சர் பிளாஸ்கில் பாலும், பெரியக்கா கொடுத்த ரொட்டியுமாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். சொன்ன வார்டில், சொன்ன கட்டிலில் வேறு ஒருத்தி படுத்திருந்தாள். நர்ஸிடம் கேட்டாள். “அவங்க வரவே இல்லையே. அவங்க வீட்டுக்காரர் வந்து வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டார்.”

டீச்சர் பிளாஸ்கோடு நேராக பேக்கரிக்கு வந்தாள். பெரியக்கா கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல், கடையைப் பாதியில் சாத்திவிட்டு அவளோடு கிளம்பினாள்.

கடுகு கதவைத் திறந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நடந்ததையெல்லாம் அதே சிரிப்போடு சொன்னாள்.

“நான் கோபத்தை விட்டுட்டேன் அக்கா. இப்ப மனசு லேசா இருக்கு.”

“கட்டி?” என்றாள் பெரியக்கா.

“கரையும்.”

“கரைஞ்சிருக்கா?”

கடுகு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“அக்கா, உங்க சிரிப்பைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு” என்றாள் டீச்சர். “நாமளும் ஜெபம் பண்றோம். யாரு வேண்டாம்னா? ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டும் ஜெபம் பண்ணலாமே!”

“உங்களுக்கெல்லாம் விசுவாசம் பத்தல” என்றாள் கடுகு. அதையும் மெதுவாகத்தான் சொன்னாள். அந்த மெல்லிய குரல் யாருடையது என்று இருவருக்கும் தெரிந்தது.

தெருவுக்கு வந்ததும் பெரியக்கா வெடித்தாள். யாரையும் ‘டா’ போட்டுப் பேசாதவள் அன்று அங்கே இல்லாத அந்தப் பிரசங்கியாரை அப்படிப் பேசினாள், தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். “எங்க பிள்ளையை என்னடா பண்ணி வச்சிருக்க? அவ வாயை அடைச்சிட்டியே, பாவி!” டீச்சர் அவளைத் தடுக்கவில்லை. தனக்கு அப்படிப் பேச வரவில்லையே என்றுதான் அவளுக்கு இருந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் விடவில்லை. சாயங்காலம் ஒருத்தி மாற்றி ஒருத்தி அந்த வீட்டுக்குப் போனார்கள். கடுகு முகம் கொடுக்காத நாட்களில் கூடத்து மூலையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். நாத்தனார் குத்தலாகப் பேசினாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாரங்கள் மாதங்களாயின. கட்டி பெரிதானது, இடது கையைத் தூக்க முடியாமல் கடுகு ஆணி அடிக்கும் வேலையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள். பிரசங்கியார் வரும்போதெல்லாம், “இன்னும் எங்கயோ கொஞ்சம் கோபம் ஒளிஞ்சிருக்கு, தேடுங்க சகோதரி” என்று சொல்லிவிட்டுப் போனார். அவளும் ராவும் பகலும் தேடினாள். நோய்க்காரியை இதைவிட எப்படி வதைப்பது?

அப்படி அவர் வந்திருந்த ஒரு சாயங்காலம் பெரியக்காவும் டீச்சரும் அங்கே இருந்தார்கள். பெரியக்கா கொண்டுவந்த இனிப்பு பன்களைத் தட்டில் வைத்து நாத்தனார் நீட்டினாள்.

“வேண்டாம் சகோதரி, எனக்கு சர்க்கரை இருக்கு” என்றார் பிரசங்கியார். பிறகு நினைவு வந்தவராகச் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். “கொஞ்சம் தண்ணி குடுங்களேன்.”

கடுகுதான் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் போட்டுக்கொண்டு தம்ளருக்காகக் கையை நீட்டினார். அவள் தம்ளரைக் கொடுக்கவில்லை.

“அது என்ன ஐயா?”

“சர்க்கரைக்கு. டாக்டர் தவறாம போடச் சொல்லியிருக்கார்.”

“எவ்வளவு நாளா?”

“அது ஆச்சு, ரொம்ப வருஷமா.”

தம்ளர் இன்னும் கடுகின் கையில்தான் இருந்தது.

“அப்ப நீங்க யாரை மன்னிக்காம இருக்கீங்க, ஐயா?”

பிரசங்கியார் சிரிக்கப் பார்த்தார். “அது வேற, இது வேற, சகோதரி.”

“என்ன வேற? உங்களுக்கு மாத்திரை, எனக்கு மன்னிப்பா? உங்க சர்க்கரைக்கு டாக்டரு, என் புத்துநோய்க்கு நீங்களா? என்னை ராத்திரி பகலா என் நெஞ்சுக்குள்ளயே தேட விட்டுட்டு, நீங்க பையில மாத்திரை வச்சுக்கிட்டுத் திரியிறீங்களா?”

“பாருங்க, இதுதான் அந்தக் கோப ஆவி…”

“ஆமா, கோபம்தான்! என் கோபம்! எங்கம்மாவைப் புதைச்சதை எங்கிட்ட மறைச்சான். அவன்கிட்ட போய் என்னை மன்னிப்புக் கேக்க வச்சீங்களே, நீங்க மனுஷனா?” தம்ளர் அவள் கையிலிருந்து பறந்து சுவரில் மோதியது. தண்ணீர் பிரசங்கியாரின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். புருஷன் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். கடுகு அவர் பக்கம் திரும்பினாள். “நீங்க என் பக்கம் நில்லுங்க, இல்ல அந்தப் பக்கம் போங்க. நடுவுல நிக்காதீங்க. எனக்குப் பார்க்கச் சகிக்கல.”

அவர் பிரசங்கியாரின் கைப்பையை எடுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே மரியாதையாக வைத்துவிட்டு வந்தார். வாழ்க்கையில் அவர் செய்த மிகப் பெரிய சண்டை அதுதான்.

பிரசங்கியாரும் நாத்தனாரும் போன பிறகு கடுகு தரையில் உட்கார்ந்தாள். பெரியக்கா அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். “வந்துட்டியாடி” என்றாள். “எங்கடி போயிருந்த இத்தனை நாளா?”

ஆஸ்பத்திரியில் கை வைத்துப் பார்த்ததுமே டாக்டரம்மாவின் முகம் மாறியது. கட்டி அக்குள்வரை பரவியிருந்தது. முதலில் மருந்து ஏற்ற வேண்டும், அப்புறம் மார்பை முழுவதும் எடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் சிகிச்சை.

“அன்னைக்கே வந்திருந்தா?” என்று கேட்டாள் கடுகு.

“இப்ப வந்துட்டீங்கல்ல.”

“மறைக்காதீங்க டாக்டர். நான் தெரிஞ்சுக்கணும்.”

“கட்டியை மட்டும் எடுத்திருப்போம்” என்றார் டாக்டரம்மா.

கூட வந்திருந்த டீச்சர் எழுந்து வெளியே போனாள். நடைபாதைச் சுவரில் முஷ்டியால் குத்தினாள். நேரே நின்று பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற பெண், சுவரைக் குத்தி விரல் முட்டியில் ரத்தம் வரவழைத்துக்கொண்டாள். நர்ஸ் மருந்து போட்டுவிட்டாள்.

அந்தப் புதன்கிழமை மாவு மூட்டைமேல் உட்கார்ந்து கடுகு சொன்னாள்: “எனக்கு ஜெபம் வரல. ஸ்தோத்திரம்னு சொன்னா வாய் கசக்குது.”

“ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லி யாரு கேட்டா?” என்றாள் டீச்சர். “வர்றதைச் சொல்லுங்க. அவரு தாங்கிக்குவாரு.”

கடுகு கண்ணை மூடவில்லை. கூரையைப் பார்த்து ஆரம்பித்தாள். “ஆண்டவரே, எனக்கு உம்மேல கோபம். அந்த ஆளு உம்ம பேரைச் சொல்லித்தான் என் வீட்டுக்குள்ள வந்தான். உம்ம பேரைத் திருடிக்கிட்டு வந்தான். வாசல்லயே நிறுத்தியிருக்கலாம்ல? எனக்குச் சமாதானம் வேண்டாம், பொறுமையும் வேண்டாம். உயிர் வேணும். எங்கம்மாவுக்கு ஒரு பிடி மண்ணு போட விடல, அதையும் கேளும். இவங்க ரெண்டு பேரும் இல்லன்னா நான் சிரிச்சுக்கிட்டே செத்திருப்பேன். இவங்களை அனுப்பினது நீர்தான்னா, சரி, அதுக்கு மட்டும் நன்றி. மத்ததுக்குப் பதில் சொல்லும்.”

“ஆமென்!” என்று பெரியக்கா மூட்டையில் ஓங்கி அடித்தாள். மாவு எழும்பி மூன்று பேர் தலையையும் வெள்ளையாக்கியது.

மருந்து ஏறிய மாதங்கள் கொடுமையானவை. முடி கொட்டியது, நகம் கறுத்தது, தண்ணீரே இரும்பு மாதிரி ருசித்தது. பெரியக்கா விடியற்காலை அடுப்பு வேலையை முடித்துவிட்டு வந்து துணி துவைத்துப் போடுவாள். டீச்சர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவாள். கடுகு அவர்களையும் விட்டு வைக்கவில்லை. ஒரு நாள் டீச்சர் கொண்டுவந்த சூப்பைத் தட்டிவிட்டு, “உனக்கென்ன, நல்ல உடம்பு, வந்து வேடிக்கை பார்க்குற” என்றாள். டீச்சர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் திரும்பி வந்து, “எனக்கும் கோபம் வரும்க்கா. நேத்து வந்துச்சு. இன்னைக்கு சூப்பு வச்சிருக்கேன். கொட்டுனா நீங்கதான் தரையைத் துடைக்கணும்” என்றாள். கடுகு குடித்தாள்.

நடுவில் பெரியக்கா கடையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் இடையில் கொஞ்சம் தெம்பு இருந்த நாட்கள் அவை. கடுகு மொட்டைத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பேக்கரி கல்லாவில் போய் உட்கார்ந்தாள். வரிசையில் முண்டியடித்தவர்களைப் போட்ட சத்தத்தில் கடை அதுவரை காணாத ஒழுங்குக்கு வந்தது. “என் வியாபாரத்தைக் கெடுக்காதடி” என்று பெரியக்கா உள்ளேயிருந்து கத்தினாள். ஆனால் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சிரித்தது டீச்சருக்குத் தெரிந்தது.

அறுவை சிகிச்சை முடிந்த நான்கைந்து நாட்களில் அண்ணன் ஒரு பை ஆரஞ்சோடு வந்தான். “நான் அப்பவே மன்னிச்சிட்டேனே, இன்னும் எதுக்கு மனசுல வச்சிருக்க?” என்றான்.

கடுகு மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். “அண்ணா, அன்னைக்கு நான் பயத்துல வந்து கேட்டேன். அது செல்லாது. தப்பு செஞ்சது நீ. அம்மா செத்ததை எங்கிட்ட ஏன் மறைச்சோம்னு நீ உன் வாயால சொல்லு. அது தப்புன்னு சொல்லு. அப்புறம் மன்னிக்கிறதைப் பத்தி நான் ஆண்டவர்கிட்டப் பேசிக்கிறேன்.”

அண்ணன் ஜன்னலைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். “உடம்பைப் பார்த்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கடுகின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பையைத் தூக்கி எறியச் சொன்னாள். டீச்சர் ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்தாள். “பழம் என்ன பாவம் பண்ணுச்சு?” பெரியக்கா ஒரு சுளையைக் கடுகின் வாயில் திணித்தாள். அவள் அழுதுகொண்டே மென்றாள்.

அந்தப் பிரசங்கியாருக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது இன்னும் பெரிய மண்டபத்தில் கூட்டம் நடத்துகிறார். சுவரொட்டிகளில் சிரிக்கிறார். நாத்தனார் இன்னும் அங்கேதான் போகிறாள். இதை நினைக்கும்போதெல்லாம் கடுகுக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘விட்டுத் தள்ளு’ என்று அவளிடம் அந்த இருவரும் ஒரு நாளும் சொன்னதில்லை.

சிகிச்சை முடிந்து அவள் சபைக்கு வந்த ஞாயிறு, சாட்சி சொல்ல அழைத்தார்கள். நோய் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது என்று சொல்வாள் என எதிர்பார்த்திருப்பார்கள். அவள் மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

“பொம்பளைங்க எல்லாரும் கேளுங்க. மார்ல கட்டி இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஜெபம் பண்ணிக்கிட்டே போங்க. உங்க கோபத்தாலதான் வந்துச்சு, உங்க பாவத்தாலதான் வந்துச்சுன்னு எவனாவது சொன்னா அவனை என்கிட்ட அனுப்புங்க. தனியாப் போகப் பயமா இருந்தா சொல்லுங்க, நாங்க மூணு பேரும் கூட வர்றோம். அவ்வளவுதான்.”

ஆராதனை முடிந்து செருப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு இளம்பெண் வந்து அவள் கையைப் பிடித்தாள். கைக்குழந்தைக்காரி. அந்தக் கையைத் தன் மார்பின் பக்கம் கொண்டுபோனாள். கடுகுக்குப் புரிந்துவிட்டது.

“எவ்வளவு நாளா?” என்றாள்.

“தெரியல அக்கா. யார்கிட்டயும் சொல்லல.”

மறுநாள் காலை மூவரும் அந்தப் பெண்ணோடு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். குழந்தை பெரியக்காவின் மடியில் பன்னைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் சீட்டு வாங்கி வந்தாள். வரிசையை மாற்றிக் கூப்பிட்ட ஆளோடு கடுகு ஒரு மூச்சு சண்டை போட்டு முடித்திருந்தாள். அந்தப் பெண்ணின் முறை வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை.

“உங்களுக்குப் பயமே இல்லையா அக்கா?” என்று கேட்டாள்.

கடுகுக்கு அடுத்த பரிசோதனை அதே வாரத்தில்தான் இருந்தது. என்ன வரும் என்று டாக்டரம்மாவாலும் சொல்ல முடியாது.

“பயமாத்தான் இருக்கு” என்றாள். “நீ உள்ள போ. நாங்க இங்கதான் உக்கார்ந்திருப்போம்.”